குமுதாவின் மூன்று நல்ல கிராஃப்கள்

நான் வேலை பார்த்த காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் பழைய பரிசோதனை அறையை இடித்தார்கள். சென்னையிலிருந்து இரும்பிலேயே செய்த புது அறை லாரியில் வந்து இறங்கியிருந்தது. அதை வைக்க இடம் வேண்டுமே. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த என்னையும் வந்து பார்க்கச் சொன்னார்கள். போனேன். பலகைச் சுவரில் முதல் அடி விழுந்ததும் உள்ளேயிருந்து நெல் உமி கொட்ட ஆரம்பித்தது. கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. இப்போது அங்கே வேலை செய்யும் இரண்டு பெண்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மேடம், இதுக்குள்ளயா உக்காந்து காது டெஸ்ட் பண்ணீங்க?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூட்டை மூட்டையாக உமியை வாரிக் கட்டினோம். அன்றைக்குத்தான் அந்தப் பெண்கள் என்னை எழுதச் சொன்னார்கள். "எழுதினா நீளமா எழுதுவேன், பரவாயில்லையா?" என்றேன். பரவாயில்லை என்று மாட்டிக்கொண்டார்கள்.

என் பெயர் எஸ்தர். ஆரணியிலேயே பிறந்து, ஆரணியிலேயே கல்யாணம் ஆகி, ஆரணியிலேயே ஓய்வு பெற்றவள். நடுவில் ஒரு வருடம் மட்டும் சென்னையில் விடுதியில் தங்கி, காது கேட்கும் திறனை அளக்கும் படிப்பைப் படித்தேன். அந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாம்பார் மோசம், வாத்தியார்கள் நல்லவர்கள், சான்றிதழ் கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பியதும் டாக்டர் சபாபதியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஆடியோமெட்ரி டெக்னீஷியன் என்பது என் பதவி. ஊர் வாயில் நான் நர்ஸம்மா. நான் நர்ஸ் இல்லை என்று முதல் இரண்டு வருடம் எல்லோரிடமும் சண்டை போட்டேன், பிறகு விட்டுவிட்டேன்.

காதை அளக்க முதலில் வேண்டியது நிசப்தம். எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கம் பஸ் போகும் ரோடு, பின்பக்கம் அரிசி ஆலை, எதிர்ச்சந்து முழுக்கத் தறி. நிசப்தத்துக்கு எங்கே போவது? டாக்டர் ஒரு தச்சரைக் கூப்பிட்டு, இரட்டைப் பலகையில் சுவர் வைத்து, நடுவில் உமியைத் திணிக்கச் சொன்னார். உமியை அரிசி ஆலைக்காரரே அனுப்பி வைத்தார். தன் ஆலைச் சத்தத்தைத் தன் உமியாலேயே அடைக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஏக சந்தோஷம். அந்த அறை நன்றாகவே வேலை செய்தது. மத்தியானம் ஆலையில் சங்கு ஊதும்போது மட்டும் எந்தச் சுவரும் நிற்காது. அந்த ஒரு நிமிடம் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.

டாக்டர் சபாபதிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். குரலே உயராது. நோயாளி பேசி முடிக்கும்வரை பேனாவின் மூடியைத் திறக்க மாட்டார். சிலர் காதில் ஆரம்பித்து மைத்துனன் கல்யாணம் வரைக்கும் பேசுவார்கள். மூடி அப்படியே இருக்கும். எனக்குத்தான் வெளியே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்துப் பேஜாராக இருக்கும். நான் கிராஃபை நீட்டினால் உற்றுப் பார்த்துவிட்டு, பத்தில் மூன்று தடவை, "எஸ்தர், இன்னொரு தடவை எடுங்க" என்பார். கோபமில்லை, சந்தேகமில்லை, அவ்வளவுதான் சொல்வார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் எடுப்பேன்.

இன்னொரு கட்டளையும் உண்டு. தினமும் காலையில் முதல் நோயாளிக்கு முன்னால் என் காதையே நான் அளந்துகொள்ள வேண்டும். என் காது நேற்றைப் போலவே இன்றும் காட்டினால் மிஷின் சரி. மாறினால் மிஷினைப் பார்க்க வேண்டும். அந்தக் கிராஃப்கள் நோட்டு நோட்டாகச் சேர்ந்தன. என் கணவர், "உன் காதைப் பத்தி இவ்ளோ எழுதி வச்சிருக்கியே, நான் சொல்றது மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது?" என்பார்.

பரிசோதனை இப்படி நடக்கும். காதுக்கவசத்தில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலியை அனுப்புவேன். கேட்டதும் அவர் விரலைத் தூக்க வேண்டும். கேட்டால் பத்துப் பத்தாகக் குறைப்பேன். கேட்காமல் போன இடத்தில் ஐந்தைந்தாக ஏற்றுவேன். மறுபடி எங்கே விரல் எழுகிறதோ அங்கே சிவப்பு வட்டம் அல்லது நீலப் பெருக்கல் குறி. தடித்த ஒலியிலிருந்து கீச்சு ஒலி வரைக்கும் இப்படிப் புள்ளி வைத்துக் கோட்டால் சேர்த்தால் கிராஃப். ஒலியை ஏற்ற ஏற்றப் புள்ளி கீழே இறங்கும்; எல்லாப் புள்ளியும் இருபத்தைந்து டெசிபலுக்குள் இருந்தால் நல்ல காது.

சென்னையில் சொல்லித் தராத ஒன்றை ஆரணி சொல்லித் தந்தது. நெசவாளர்களின் விரல் தாளத்தில் போகும். ஆரம்பத்தில் நான் ஒலியைச் சீரான இடைவெளியில் அனுப்பிவிட்டேன். வந்தவர் வயதானவர், பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் திரும்பாதவர். ஆனால் கிராஃபில் பதினெட்டு வயதுக் காது! பார்த்தால், நாலு தடவை கேட்டதுமே அவர் கை தறியில் நூல் சுற்றிய நாடாவை இப்படியும் அப்படியும் ஓட்டும் தாளத்தைப் பிடித்துவிட்டது. நான் ஒலியை நிறுத்தின பிறகும் விரல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து தறிக்காரர்களுக்கு மட்டும் நான் தாளம் கெட்டவளாக ஆனேன். ஒன்று உடனே, ஒன்று வெகுநேரம் கழித்து, ஒன்று தூங்கிவிட்டேனோ என்று அவர் எட்டிப் பார்க்கும்போது.

தலைசுற்றல்காரர்களின் கதை தனி. உள்காதில் சங்கு மாதிரி ஒரு சுருள், அதற்குள் கொஞ்சம் நீர். அந்த நீர் அளவுக்கு மேல் சேர்ந்தால் காது அடைக்கும், உள்ளே இரையும், உலகமே சுற்றும். டாக்டர் மருந்துச் சீட்டின் பின்னால் படம் போட்டு, "உள்காதுல தண்ணி சேருது" என்று பொறுமையாக விளக்குவார். அவர்கள் தலையாட்டிவிட்டு வெளியே போய், ஆஸ்பத்திரி வாசலிலேயே தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதிப்பார்கள், தண்ணீரை வெளியேற்ற. தலை சுற்றுகிறவர் ஒற்றைக் காலில் குதித்தால் என்ன ஆகும்? ஒருவர் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு திரும்பி உள்ளே வந்தார். அதற்குப் பிறகு டாக்டர் தண்ணீர் என்ற சொல்லையே எடுப்பதில்லை.

இனி குமுதா.

முள்ளிப்பட்டிலிருந்து மாமியாரோடு வந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். வீட்டிலேயே பட்டுத் தறி, குழிக்குள் காலை விட்டு அதில் அவள்தான் உட்காருவாள். கணவன் ஏழுமலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு தறி. ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. மாமியார் முனியம்மா ஒல்லி, குரல் மட்டும் பெரியது. நோயைச் சொன்னது அவள்தான்.

"திடீர்னு வலது காது அடச்சிக்குதாம்மா. உள்ள மில்லு ஓடற மாதிரி சத்தமாம். அப்பறம் சுத்துது பாரு, தறிக்குழியில இருந்து தூக்கிதான் வெளிய போடணும். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் வாந்தி. அப்பறம் ஒண்ணுமே இல்லாத மாதிரி எழுந்து ஒக்காந்துக்குறா."

பரிசோதித்தேன். இரண்டு காதும் சுத்தம். டாக்டர் இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார். எடுத்தேன், அதே கிராஃப். மாத்திரை எழுதி, மறுபடி சுற்றினால் வரச் சொன்னார். அது ஆடி மாதம். ஆவணியில் மறுபடி வந்தார்கள். போன வாரம் நான்கு நாள் தினமும் சுற்றியது என்றார்கள். கிராஃப் மறுபடியும் சுத்தம். முனியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்க மிஷினு பொய் சொல்லுது."

எனக்கும் வந்தது. காலையில்தான் என் காதை வைத்துச் சரிபார்த்த மிஷின். "மிஷின் பொய் சொல்லாதும்மா, மனுஷங்கதான் சொல்வாங்க" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். குமுதா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அதோடும் நிற்கவில்லை. டாக்டரிடம் போய், "நடிக்கிறா சார். தறியில உக்காரச் சோம்பல்" என்றேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் கிராஃபையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை வந்தது ஆயுத பூஜைக்கு மறுநாள். இந்த முறை ஏழுமலையும் மொபெட்டில் வந்து, உள்ளே வராமல் வேப்ப மரத்தடியில் நின்றான். நான் குமுதாவை உமி அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். காதுக்கவசத்தை மாட்டப் போகும்போது அவள் கேட்டாள்.

"இங்க பேசினா வெளிய கேக்காதா நர்ஸம்மா?"

"கேக்காது."

"இன்னிக்கும் ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா, அத எழுதி வாங்கியாரச் சொல்லிகீறாரு அவுரு. தீபாவளி முடிஞ்சதும் என்னைப் போளூர்ல எங்கம்மா வூட்டுல வுட்டுடுவாராம். தறியில அவுரு தம்பி பொண்டாட்டி ஒக்காருவாளாம். புள்ளைக்கு இஸ்கூல் இருக்குது, அது இங்கயே இருக்கட்டும்னு சொல்றாரு." காதுக்கவசத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எப்பிடியாவது காது கேக்கலன்னு போட்டுக் குடுக்க முடியாதா?"

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. பாரு, நடிக்கிறவள் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஒன்று என்னை உறுத்தியது. காது கேட்கவில்லை என்று போட வேண்டுமென்றால் விரலைத் தூக்காமல் இருந்தாலே போதும். அவளோ ஒவ்வொரு மெல்லிய ஒலிக்கும் நேர்மையாக விரலைத் தூக்கினாள். அந்தக் கிராஃபும் சுத்தம். டாக்டர் பெருமூச்சு விட்டு, 'பரிசோதனையில் காதில் குறை எதுவும் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார்.

சீட்டோடு வெளியே வந்தேன். கம்பவுண்டர் தணிகாசலம் எல்லோருக்கும் முந்தின நாள் பூஜையின் பொரியும் குங்குமமும் கொடுத்துக்கொண்டிருந்தார். என் மிஷினுக்கும் அவர்தான் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். குமுதாவிடம் தட்டை நீட்டியதும் அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"அவளுக்கு வேணாங்க. வூட்டுக்குத் தூரம்" என்றாள் முனியம்மா.

ஆவணியில் தணிகாசலம் கொண்டுவந்த பிள்ளையார் கோயில் கொழுக்கட்டையை நான் நீட்டியபோதும் இவள் வாங்கவில்லை. நான் கொடுத்ததை மறுக்கிறாளே என்று அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது. எங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் கிடையாது, ஆனால் ஊரில் பிறந்தவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் கண்ணில் படவில்லை.

"ஏம்மா, போன தடவையும் இப்படித்தானா? அதுக்கு முன்னாடியும்?"

"ஆமா" என்றாள் முனியம்மா, இதிலென்ன அதிசயம் என்பதைப் போல. "அந்த மூணு நாளும் அவ தறியத் தொடக் கூடாது. எப்பிடியும் தறி சும்மாதான கெடக்குது. அதான் அப்ப இட்டுகினு வரேன். மத்த நாள்ல வந்தா தறிய யாரு ஓட்டறது?"

"தலை சுத்தறது எப்ப?"

"அதுக்கு முன்ன நாலஞ்சு நாளு" என்று குமுதா மெல்லச் சொன்னாள். "தூரம் ஆனதும் தெளிஞ்சிடும்."

அந்தக் குடும்பத்தில் யாரும் தப்புச் செய்யவில்லை. முனியம்மா வேலை கெடாமல் புத்தியாக ஒரு நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், மாதா மாதம் அதே நாளை. வியாதி வந்துவிட்டுப் போன பிறகு, சரியாக அந்த நாளில், அவளை என் முன்னால் உட்கார வைத்திருக்கிறாள். நானும் மாதா மாதம் நல்ல காதை நல்ல காது என்று எழுதியிருக்கிறேன்.

சீட்டைக் கொடுக்காமல் உள்ளே ஓடினேன். அடுத்த நோயாளி வாயைத் திறந்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார், அவரை அப்படியே விட்டுவிட்டு டாக்டரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் சீட்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஆத்துல வெள்ளம் வடிஞ்ச பிறகே போய்ப் பாத்துட்டு, தண்ணியே வரலைன்னு சொல்லியிருக்கோம் எஸ்தர்" என்றார். பிறகு காது சிவக்க, "இத்தனை வருஷத்துல ஒரு பொம்பளைகிட்டயும் நான் தேதி கேட்டதில்லை. கேக்கணும்னு தோணினதில்லை" என்றார்.

அவரே வேப்ப மரத்தடிக்குப் போனார். அடுத்த முறை தலை சுற்றும்போதே கூட்டிவரச் சொன்னார். ஏழுமலைக்கு அது பிடிக்கவில்லை.

"அது சரியா தீபாவளி சமயம் சார். பாவு குடுக்கற மொதலாளி தெனம் ஆள் அனுப்பறாரு. அந்த நேரத்துல ஒரு தறிய நிறுத்தினா, பாவ எடுத்துகினு பூடுவாரு."

பாவு என்றால் தறியில் ஏற்றியிருக்கும் நூல். அது போனால் தறி வெறும் மரம்.

"நீ ஓட்டு உன் தறிய. நான் இட்டுகினு வரேன்" என்றாள் முனியம்மா.

அடுத்த மூன்று வாரம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. அவர்கள் வந்து, அப்போதும் கிராஃப் சுத்தமாக இருந்துவிட்டால்? இதற்குமேல் அவளுக்கு வழியே இல்லை. நான் அவசரப்பட்டு வாயைத் திறந்து, அவள் பக்கம் பேச இருந்த கொஞ்ச இடத்தையும் இல்லாமல் செய்தவள் ஆவேன். டாக்டரோ தன் பழைய புத்தகங்களை எடுத்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். மாதவிலக்குக்கு முன் சில பெண்களுக்கு ஹார்மோன்கள் ஏறி இறங்கும்போது உடம்பு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், காலும் முகமும் வீங்குவது அதனால்தான், ஏற்கெனவே பலவீனமான உள்காது அப்போது தடுமாறலாம் என்றார். கவலையும் தூக்கமின்மையும் சேர்ந்தால் அதற்கும் தனியாக ஹார்மோன் சுரக்கும், சுமை இரண்டு மடங்கு என்றார். எல்லோருக்கும் இப்படி ஆகாது, இவளுக்கு ஆகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

தீபாவளிக்கு முந்தின நாள், காலை பதினொரு மணிக்கு முனியம்மாவின் குரல் ரோட்டிலேயே கேட்டது. "ஜல்தி வாங்க, ஜல்தி!" பஸ்ஸிலிருந்து குமுதாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவளைத் தாங்கிப் பிடித்தவர்கள் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வழியெல்லாம் அவள் வாந்தி எடுத்ததைப் பார்த்துப் பஸ்ஸே முடிவு கட்டிவிட்டிருக்கிறது. ஒரு அம்மாள் எலுமிச்சம்பழம் கொடுத்தாராம், கண்டக்டர் முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தாராம். "பையன்தான் பொறக்கும் பாருங்க" என்று கடைசியாக ஒருவர் ஜன்னல் வழியாகக் கத்திவிட்டுப் போனார். "அய்ய, காதுய்யா, காது!" என்று முனியம்மா பஸ்ஸைத் துரத்திக் கத்தினாள்.

டாக்டர் டார்ச் அடித்துக் கண்களைப் பார்த்தார். கருவிழிகள் ஒரே பக்கமாக வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. அதை யாராலும் நடிக்க முடியாது. வாந்தி நிற்க ஊசி போட்டு அரை மணி நேரம் படுக்க வைத்தார். பிறகு நானும் முனியம்மாவும் அவளைத் தாங்கி உமி அறைக்குக் கொண்டுபோனோம். நாற்காலியின் இரண்டு பக்கமும் தலையணை வைத்தேன்.

இடது காதில் தொடங்கினேன். நல்ல காது. வலது காதுக்கு மாறினேன். தடித்த ஒலி, இருபது. விரல் எழவில்லை. இருபத்தைந்து. இல்லை. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. நாற்பத்தைந்து. விரல் மடியிலேயே இருந்தது. ஐம்பதில் ஆள்காட்டி விரல் மெல்ல எழுந்தது. அந்த நேரம் பார்த்து ஆலையின் சங்கு ஊதியது. அந்தச் சங்கை நான் திட்டிய திட்டை ஜெபக்கூட்டத்தில் சொல்ல முடியாது. அது அடங்கியதும் திரும்ப ஆரம்பித்தேன். அதே ஐம்பது. கீச்சு ஒலிகளுக்குப் போகப் போக ஏறி நல்ல காதாகிவிட்டது. வலது காதின் பின்னெலும்பில் கருவியை வைத்து ஒலியை நேரே உள்காதுக்கு அனுப்பி, இடது காதை இரைச்சலால் மூடிப் பார்த்தேன். அங்கும் அதே பள்ளம். அப்படியென்றால் கோளாறு உள்காதில்தான்.

ஒருவருக்குக் காது கேட்கவில்லை என்று நான் சந்தோஷப்பட்டது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு நாள்தான். "சார், கேக்கல சார்! அவளுக்குக் கேக்கவே இல்ல!" என்று காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடினேன். வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். டாக்டர் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எஸ்தர், இன்னொரு தடவை எடுங்க" என்றார். அன்று நான் ஆசையாக எடுத்தேன். அதே பள்ளம்.

அதற்குள் ஏழுமலை வந்துவிட்டான். தறியை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தான். கிராஃபைக் காட்ட நான் கையை நீட்டினேன், அவன் அதைப் பார்க்கவே இல்லை.

"காலையில நான் பாத்துகினுதான் இருந்தேன் நர்ஸம்மா. தறியில ஒக்காந்துகினு இருந்தவளுக்குக் கண்ணு சொருகிச்சு. வாந்தி வந்ததும் நெய்யற பொடவை மேல பட்டுடப் போவுதுன்னு அப்பிடியே மடியில எடுத்தா. பட்டு மேல ஒரு சொட்டு வுழல." அவன் தன் கையை மடிபோலக் குவித்துக் காட்டினான். "நடிக்கிறவ இப்பிடிப் பண்ணுவாளா?"

அவனுக்கு முன்னாலேயே அந்தச் சொல்லைச் சொன்னவள் நான். படுத்திருந்த குமுதாவிடம் போய், "நான்தான் தப்பா நெனச்சேன், மன்னிச்சுடு" என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "பொய் இல்லன்னு பேப்பர்ல வந்துடிச்சா நர்ஸம்மா? அத அவுருகிட்டயும் படிச்சுக் காட்டுங்க" என்றாள். படித்துக் காட்டினேன், ஒவ்வொரு புள்ளியாக.

டாக்டர் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். ஹார்மோனை அவர் விளக்கியதில் பாதிதான் அவர்களுக்குப் புரிந்திருக்கும். உப்பைக் குறைக்கச் சொன்னது நன்றாகப் புரிந்தது. ஊறுகாய் கூடாது, அப்பளம் கூடாது, கருவாடு கூடவே கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல முனியம்மாவின் முகம் வாடியதைப் பார்க்க வேண்டுமே, வியாதி அவளுக்கு வந்ததுபோல. மாத்திரைகள் எழுதினார். ராத்திரி முழுத் தூக்கம் வேண்டும் என்றார். கடைசியாக, "அந்த நாலு நாளும் தறியில உக்காரக் கூடாது. அவசரம், மொதலாளி, எதுவும் அவ காதுக்குப் போகக் கூடாது" என்றார்.

ஏழுமலை விரலை மடக்கினான். "முன்ன நாலு நாளு. அப்பறம் தூரம் மூணு நாளு. மாசத்துல ஏழு நாளு தறி நின்னா பாவு நம்மகிட்ட நிக்காது சார்."

குமுதா பொய் சொல்லவில்லை என்று நிரூபித்துவிட்டோம், ஆனால் அவள் போளூர் பஸ்ஸில் ஏறுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இதற்கு எங்களிடம் மாத்திரை கிடையாது. குமுதா சேலை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

முனியம்மா மூக்கை உறிஞ்சினாள். "தூரம் ஆனா இவளுக்குத் தெளிஞ்சிடுதில்ல?"

"தெளிஞ்சிடும்" என்றார் டாக்டர்.

"அப்ப முன்ன நாலு நாளு படுத்துக்கட்டும். அந்த மூணு நாளும் தறியில ஒக்காரட்டும்."

ஏழுமலை நிமிர்ந்தான். "அம்மா! தறியத் தொடறதா? சாமி குத்தமாயிடும்."

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள் முனியம்மா. "மொதலாளிகிட்டதான் எதுவும் சொல்ல முடியாது."

டாக்டர் சபாபதி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு எங்கள் கேஸ் ஷீட்டில் இரண்டு வரி கூடியது. பெண்களிடம் தேதி கேட்போம். எல்லோரிடமும், சமீபத்தில் வீட்டிலோ தொழிலிலோ என்ன கவலை என்று கேட்போம். எவ்வளவு கேட்டோம்! தீபாவளிக்கு முன்னால் மட்டும் காது இரையும் பட்டு வியாபாரி, மகள் கல்யாணப் பத்திரிகை அடித்த வாரம் தலை சுற்றிய டீச்சர். எல்லாமே ஹார்மோன் என்று நாங்கள் சொல்லிவிடவில்லை. சிலருக்கு வெறும் அழுக்கு, எடுத்துவிட்டால் சரி. குமுதாவின் வியாதியும் ஒரேயடியாகப் போய்விடவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வலது காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானது. சுற்றல் மட்டும் அபூர்வமாகிவிட்டது. ஒரே பெண்ணின் கிராஃப்களை நாள் பார்த்து அடுக்கினால் மலையும் பள்ளமுமாக எவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுடைய ஃபைலைக் காட்டித்தான் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

எழுதும் வேகத்தில் அந்த அடுத்த மாதத்தை விட்டுவிட்டேன். கார்த்திகையில் ஒரு நாள் முனியம்மா மட்டும் தனியாக வந்தாள், மாத்திரை வாங்க. எனக்குத் திக்கென்றது. போளூருக்கு அனுப்பிவிட்டார்களோ?

"குமுதா எங்கம்மா?"

"தறியில கீறா."

நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். மனசுக்குள் கணக்குப் போட்டேன். "இன்னைக்கு அவளுக்கு..."

"ரெண்டாம் நாளு" என்றாள் முனியம்மா.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன். "சாமி என்ன சொல்லுச்சு?"

அவள் மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல நர்ஸம்மா. பொடவை நல்லா வந்துகினு கீது."